ஆறு மணிக்கு உகந்தை வாசலில்

பக்கத்துத் தெருத் தம்பி கட்டாரிலிருந்து லீவில் வந்திருக்கிறார். போனில் ஒரு வீடியோவைக் காட்டிக் கேட்டார்: “காக்கா, கரீபியன் பக்கத்துல ஒரு தீவு. குடும்பத்துக்கெண்டு தனி ஜீப், கூட ஒரு கைட். காலையில காடு, மறுகா கடற்கரை. இப்படி ஒண்டு நம்மட பக்கம் இரிக்கா? உம்மாவையும் கூட்டிப் போகணும்.”

இரிக்கு தம்பி. கல்முனையிலிருந்து தெற்கே நூறு கிலோமீற்றர் போனால் போதும். அவருக்குத் தேத்தண்ணியோடு சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அம்பாறைக் கரையில் பிறந்து வளர்ந்த நம்மில் பலர், வெளிநாட்டார் விமானமேறி வந்து பார்க்கும் குமணக் காட்டை இன்னும் பார்த்ததில்லை. அறுகம்பைக்கு வேனில் போய், பாலத்தில் நின்று படமெடுத்து, கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

கரீபியன் தீவுகளில் இந்தத் தனி ஜீப் ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். பார்படோஸ், சென் லூசியா, அன்டிகுவா போன்ற இடங்களுக்குக் காலையில் பெரிய பயணக் கப்பல் வரும், பின்னேரம் போய்விடும். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். பெரிய பஸ்கள் அவர்களை அள்ளிக்கொண்டு ஒரே கடற்கரையில் கொண்டுபோய் விடும். அந்தக் கூட்டத்தில் சேர விரும்பாதவர்கள் உள்ளூர்ச் சாரதி ஒருவரைத் தனியாகப் பிடிக்கிறார்கள். ஜீப் அவருடையது, வழிகாட்டியும் அவரே. பஸ் ஏறாத மலைப் பாதையில் கூட்டிப்போவார், அவருக்குத் தெரிந்த கடையில் சாப்பாடு, கூட்டமில்லாத கரையில் குளிப்பு. ஆனாலும் அங்கே எல்லாருக்கும் ஒரு கண் மணிக்கூட்டில்தான். கப்பல் போய்விட்டால் என்ன செய்வது?

நமக்காகக் காத்து எந்தக் கப்பலும் நிற்கவில்லை. இதைத்தான் தம்பிக்கு முதலில் அழுத்திச் சொன்னேன். தனி ஜீப்புக்குக் கூடுதல் காசு கொடுப்பது, “இங்க நிப்பாட்டுங்க, இன்னும் கொஞ்ச நேரம் நிப்பம்” என்று சொல்லும் உரிமைக்காக. அதே காசைக் கொடுத்துவிட்டு லாகுகல, மகுல் மகா விகாரை, குடும்பிகல, குமண, அறுகம்பை, பொத்துவில் களப்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்கினால், பார்த்தது எதுவும் மனசில் நிற்காது.

நம்ம ஊரிலிருந்து விடியப் புறப்பட்டுக் குமணவுக்குப் போக நினைக்க வேண்டாம். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை கடந்து அக்கரைப்பற்று. அங்கிருந்து தம்பிலுவில், திருக்கோவில், இலங்கையின் கிழக்குக் கோடியான சங்கமன்கண்டி முனை, கோமாரி, பிறகுதான் பொத்துவில். ஏறக்குறைய 70 கிலோமீற்றர். அதற்கப்பால் அறுகம்பை, பாணமை, உகந்தை. காலை ஆறு மணிக்கு உகந்தை வாசலில் நிற்க வேண்டுமானால் கல்முனையில் மூன்று மணிக்கு வண்டி எடுக்க வேண்டும். பிள்ளைகள் தூங்கி விழுவார்கள், வயதானவர்களுக்கு இடுப்பு பிடித்துவிடும். முதல் நாள் அஸருக்குப் பிறகு புறப்பட்டு, பொத்துவிலிலோ அறுகம்பை உல்லையிலோ ஒரு வீட்டு அறை எடுத்துத் தங்குங்கள். சுபஹைத் தொழுதுவிட்டு அங்கிருந்து ஜீப் ஏறினால் நேரம் சரியாக இருக்கும். பயணத் தொழுகையில் ஜம்உ, கஸ்ர் பற்றி, எங்கே தங்குகிறோம், எவ்வளவு தூரம் என்று சொல்லி உங்கள் பள்ளி ஹஸ்ரத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். காட்டுக்குள் நின்று வாக்குவாதப்பட வேண்டியிராது.

ஏன் ஆறு மணி? குமணவின் வாசல் உகந்தையில், முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரவு முழுக்க மிருகங்கள் நடந்த மணல் பாதை காலையில் எழுதிவைத்த கடதாசிபோல் கிடக்கும். சிறுத்தை எந்தப் பக்கம் கடந்தது, கரடி எங்கே புற்றைத் தோண்டியது, யானை குட்டியோடு போனதா தனியாகவா, எல்லாம் தடத்தில் இருக்கும். நாலு ஜீப் அதன்மேல் ஓடிய பிறகு எதையும் வாசிக்க முடியாது. வெயில் ஏறினால் மிருகங்களும் நிழலுக்குள் போய்விடும். எட்டு மணிக்குச் சாவகாசமாக வந்து, “ஒண்ணுமே காணல்லையே” என்று முகம் சுளிக்கும் குடும்பங்கள் நிறைய.

குமண என்று இன்று சொல்லும் தேசியப் பூங்கா முன்பு யால கிழக்கு என்ற பெயரில் இருந்தது. 1938இலேயே பறவைகளுக்கான சரணாலயம், 1970இல் தேசியப் பூங்கா, 2006இல் இந்தப் பெயர். ஏறக்குறைய 357 சதுர கிலோமீற்றர் பரப்பு. யுத்த காலத்தில் 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. திறந்த மறு வருஷமே சுனாமி. 2010இல் குமணவின் ஈரநிலங்கள் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. யாலவின் பேர்போன பகுதியில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்கள் வரிசைகட்டி நிற்கும். குமணவுக்கு அவ்வளவு கூட்டம் வருவதில்லை. சிறுத்தை கண்ணில் படும் வாய்ப்பு யாலவில் கூடுதல்தான், ஆனால் குடும்பத்தோடு போகிறவருக்கு நான் குமணவையே சொல்வேன்.

இனி ஜீப்பைப் பேசுவது. காட்டுக்குள் போகும் வண்டி என்பது மஹிந்திரா, டாட்டா, மிட்சுபிஷி போன்ற ஏதாவது ஒன்றின் பின்பக்கத்தை மாற்றி, படிபடியாக உயர்ந்த இருக்கை போட்டு, மேலே கூரை கட்டி, பக்கங்களைத் திறந்து விட்டது. சாதாரணமாக ஆறு பேர் வசதியாக இருக்கலாம். விலை ஜீப்புக்குத்தான், தலைக்கு அல்ல. ஆகவே ரெண்டு சின்னக் குடும்பம் சேர்ந்தால் செலவு பாதியாகும். ஆனால் பத்துப் பேரைத் திணித்தால் கடைசி இருக்கையில் இருப்பவர் புழுதியும் குலுக்கலும் மட்டுமே கண்டு திரும்புவார். உம்மாவுக்கு சாரதிக்குப் பக்கத்து இருக்கை. குலுக்கல் அங்கேதான் குறைவு.

கல்யாண வீட்டுக்குச் சமையல்காரர் பிடிக்கும்போது சட்டி பானையை யாரும் பார்ப்பதில்லை, ஆளின் கைப்பக்குவத்தைத்தான் விசாரிப்போம். ஜீப்பும் அப்படித்தான். வண்டி புதிதா, சீட்டுக்கு உறை போட்டிருக்கிறதா என்பதை விட, சாரதி எந்த ஊர், எத்தனை வருஷமாகக் காட்டுக்குள் ஓடுகிறார், யானையைக் கண்டால் என்ன செய்வார் என்று கேளுங்கள். “கிட்டக் கொண்டுபோய்க் காட்டுறேன்” என்று உற்சாகமாகச் சொல்பவரை விட்டுவிடுங்கள். “தூரத்துல நிப்பாட்டி எஞ்சினை ஓஃப் பண்ணுவேன், அது வந்தா வரட்டும்” என்பவர் தொழில் தெரிந்தவர்.

காசு விஷயத்தில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: ஜீப் கூலியையும் பூங்காக் கட்டணத்தையும் ஒன்றாக நினைத்துக்கொள்வது. வாசலில் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்குக் கட்டுவது தனி. அதில் ஆளுக்கு நுழைவுச்சீட்டு, வண்டிக்கு ஒரு கட்டணம், வரி எல்லாம் சேரும். இலங்கையருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. அடையாள அட்டையை மறக்க வேண்டாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் கூட வந்தால் அந்தச் செலவையும் முன்பே கணக்கில் எடுங்கள். அறுகம்பையில் வண்டி ஏறும் முன்பே கேட்க வேண்டியது: இந்தத் தொகைக்குள் டிக்கெட் சேர்த்தியா? அரைநாளா, முழு நாளா? காட்டை முடித்துவிட்டுக் கடற்கரையிலும் காத்து நிற்பீர்களா? மழை பெய்து பாதை மூடினால் முற்பணம் என்ன ஆகும்? இதை வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிவையுங்கள். அதற்காக யாரும் கோபிக்க மாட்டார்கள்.

பேரம் பேசலாம், ஆனால் அடிமாட்டு விலைக்கு இறக்க வேண்டாம். அந்த ஜீப் அநேகமாக லீசிங்கில் எடுத்தது. அறுகம்பையின் சீசன் ஏப்ரல் மே தொடங்கி ஒக்டோபரோடு முடிந்துவிடும். அந்த ஆறேழு மாதத்தில் உழைத்து வருஷம் முழுக்கத் தவணை கட்ட வேண்டும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஆள் வரவில்லை. 2020இல் கொரோனா. 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் கோட்டும் கையுமாக வரிசையில் நின்றார்கள். 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் அறுகம்பையைப் பெயர் சொல்லி எச்சரிக்கை விட்டது. இத்தனைக்கும் ஈடுகொடுத்து வண்டியை இன்னும் வைத்திருக்கும் மனிதரிடம் நியாயமான விலையைக் கொடுப்பது நம் கடமை என்றே நினைக்கிறேன். முடிந்தவரை இடையில் யாரும் இல்லாமல் அவரிடமே பேசுங்கள்.

அறுகம்பையிலிருந்து பாணமை வரை நல்ல றோட்டு. பாணமை பழைய ஊர், சிங்களக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் கொண்டு கொடுத்துக் கலந்த ஊர். அதைத் தாண்டினால் காடு ஆரம்பித்துவிடும், வாசலுக்கு முன்பே யானை, மயில், எருமை கண்ணில் படும். வாசலில் டிக்கெட் எடுத்ததும் திணைக்களத்து வழிகாட்டி ஒருவர் வண்டியில் ஏறுவார். எல்லாரும் ட்ராக்கர் என்றே அழைப்பார்கள். பிள்ளைகளை இங்கேயே கழிவறைக்குக் கூட்டிப் போய் வாருங்கள். உள்ளே நினைத்த இடத்தில் இறங்க முடியாது.

ட்ராக்கருக்கு சலாமோ ஆயுபோவனோ சொல்லி, தண்ணீர்ப் போத்தல் ஒன்றை நீட்டி, முதலிலேயே ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள்: “எங்களுக்கு அவசரமில்லை, சிறுத்தையைத் தேடி ஓட வேண்டாம், பறவை காட்டினாலும் சந்தோஷம்.” இந்த ஒரு வாக்கியத்தோடு பயணத்தின் வேகமே மாறிவிடும். சிறுத்தை காட்டாவிட்டால் குறை சொல்வார்கள் என்ற பயத்தில்தான் பல சாரதிகள் வண்டியை விரட்டுகிறார்கள்.

வண்டி நிற்கட்டும். எஞ்சின் ஓயட்டும். ரெண்டு நிமிஷம் ஒருவரும் பேசாமல் இருங்கள். முதலில் ஒன்றும் கேட்காது, பிறகு காடு தன் சத்தத்துக்குத் திரும்பும். புள்ளிமான் கூட்டத்தில் ஒன்று திடீரென்று கூர்மையாகக் கத்தினால், மரத்து மந்தி அதையே தொடர்ந்து இருமுவதுபோல் குரல் கொடுத்தால், ட்ராக்கரின் முகத்தைப் பாருங்கள். மான் தரையிலிருந்து மோப்பம் பிடிக்கிறது, மந்தி உயரத்திலிருந்து பார்க்கிறது. இரண்டும் ஒரே திசையைப் பார்த்துக் கத்தினால் பற்றைக்குள் சிறுத்தை நடக்கிறது என்று அர்த்தம். அது வெளியே வராமலே போகலாம். வந்ததா இல்லையா என்பதைவிட, அந்தச் செய்தி மிருகத்துக்கு மிருகம் போவதைப் பிள்ளைகள் காதால் கேட்பதே பெரிய பாடம் என்பேன். பாலைப்பழக் காலமென்றால் பாலை மரத்தின் மேல் கரடி ஏறியிருக்கும். நாம் சந்தையில் சுண்டு கணக்கில் வாங்கும் அதே பழம்தான்.

குமண வில்லுவுக்கு மட்டும் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். ஏறக்குறைய 200 ஹெக்டேயர் சதுப்பு. கும்புக்கன் ஆற்றிலிருந்து ஒடுங்கிய கால்வாய் ஒன்று தண்ணீர் கொண்டுவருகிறது, கடலின் உப்பும் கலக்கிறது. நடுவே கண்டல் மரங்கள். மே, ஜூன் மாதங்களில் அந்த மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் நீர்ப்பறவைகளைப் பார்க்கத்தான் உலகம் இங்கே வருகிறது. மஞ்சள் மூக்கு நாரை இரை பிடிப்பதைக் கவனியுங்கள். அலகைப் பாதி திறந்து கலங்கிய தண்ணீருக்குள் விட்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே மெல்ல நடக்கும். மீன் கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. அலகில் பட்டதும் டக்கென்று மூடிக்கொள்ளும். பக்கத்தில் கரண்டிவாயன் தட்டையான அலகால் தண்ணீரைப் பெருக்குவதுபோல் வரும். கூழைக்கடா அப்படியே வாய்ப்பையால் அள்ளும். ஒரே குட்டை, மூன்று விதமான அலகு, மூவருக்கும் சாப்பாடு. தொலைநோக்கி ஒன்று இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் புள்ளிகளைத்தான் பார்ப்பீர்கள்.

யானை விஷயத்தில் விட்டுக்கொடுப்பே இல்லை. சாப்பாடு வீசக் கூடாது. குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் வண்டி போகக் கூடாது. சாரதி செல்ஃபிக்காகக் கிட்டப் போக முயன்றால், “வேணாம், பின்னுக்கு எடுங்க” என்று சொல்வது காசு கொடுத்த உங்கள் உரிமை. சோற்றுப் பார்சல் சுற்றிய லன்ச் ஷீட், போத்தல், பிள்ளைகளின் பிஸ்கட் உறை எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி ஊருக்கே கொண்டு வாருங்கள்.

பதினொரு மணியளவில் வெளியே வந்துவிடலாம். இனிக் கடல்.

அறுகம்பைக்கு 1970களிலிருந்தே அலைச்சறுக்குக்காரர்கள் வருகிறார்கள். தெற்கே எங்கோ தூரத்துப் பெருங்கடலில் புயலில் பிறந்த அலை, மே மாதத்துக்குப் பிறகு நம் கரையோரம் ஏறி வந்து, முனையில் இருக்கும் பாறையைச் சுற்றி வளைந்து உடைகிறது. அந்த நேரத்தில் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் கச்சான் வீசுகிறது. எதிரே வரும் காற்று அலையின் முகத்தை விழாமல் தாங்கிப் பிடிக்கும். வெக்கையும் வரட்சியும் கொண்டுவருகிறதென்று நாம் வையும் அதே கச்சான்தான் இந்த ஊருக்குச் சோறு போடுகிறது. நவம்பரில் வாடை திரும்பி மழையும் முரட்டுக் கடலும் வந்ததும் கடைகள் மூடிவிடும்.

நீந்துவதற்கு அலைச்சறுக்கு முனைகள் வேண்டாம், அடியில் பாறை. குடாவுக்குள் வள்ளங்கள் இழுத்துப் போட்டிருக்கும் பக்கம் தண்ணீர் சாதுவாக இருக்கும். கூட்டமில்லாத கரை வேண்டுமென்றால் பாணமைப் பக்கம் கூட்டிப்போகச் சொல்லுங்கள். ஆனால் அங்கே உயிர்காப்பாளர் இருப்பார் என்று நம்பி இறங்க வேண்டாம், முழங்கால் தண்ணீர் போதும். நீர் உள்ளே இழுத்தால் கரையை நோக்கிப் போராட வேண்டாம். பக்கவாட்டில் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி, இழுவை விட்டதும் கரையேறுங்கள். பிள்ளைகளுக்கு இதை வண்டியிலேயே சொல்லிவிடுங்கள்.

நம் பெண்களைப் பற்றியும் பேச வேண்டும். வெளிநாட்டார் கூட்டத்தில் அபாயாவோடு நிற்கக் கூச்சப்பட்டு வேனுக்குள்ளேயே இருந்துவிடும் தங்கச்சிமார் எத்தனை பேர்! 2018இல் அறுகம்பைப் பெண்கள் தங்களுக்கென்று அலைச்சறுக்குக் கழகமே தொடங்கிவிட்டார்கள். கடல் அவர்களுக்கும் உரியது. தனி வண்டி இருந்தால் கூட்டமில்லாத இடத்தில் நிறுத்தி, அவர்கள் கால் நனைத்து ஆசை தீர நிற்கலாம். ஆண்கள் கொஞ்சம் தள்ளிப் போய் மீன்காரர்களோடு கதைத்துக்கொண்டிருங்கள்.

மறுபக்கமும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் அதிகமானோரைப் பறிகொடுத்த மாவட்டம் நம்முடையது, 10,000க்கும் மேற்பட்டோர். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் யாரையும் இழக்காத குடும்பம் குறைவு. உம்மா கடலைப் பார்த்ததும் வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்று சொல்லலாம். “வாங்கம்மா, இத்தனை வருஷமாகிட்டே” என்று இழுக்க வேண்டாம். ஜீப்பை நிழலில் நிறுத்தி ஒருவர் கூட இருங்கள். பஸ்ஸில் கூட்டத்தோடு வந்திருந்தால் இது முடியாது. தனி வண்டிக்குக் காசு கொடுப்பதில் எனக்கு மிகவும் பிடித்த காரணம் இதுதான்.

கடற்கரை யாருக்குச் சொந்தம் என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. பார்படோஸில் கடற்கரை எல்லாருக்கும் பொது. ஜமெய்க்காவில் 1956ஆம் ஆண்டின் கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கரையோரத்தை முடிக்குரியதாக்கியது, குளிக்கும் பொது உரிமையைக் கொடுக்கவில்லை. ஹோட்டல் வேலிகளுக்கு எதிராக உள்ளூர் மக்கள் இன்றும் குரல் எழுப்புகிறார்கள். நம் நாட்டில் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கட்டுப்பாடு வைத்திருக்கிறது. சட்டம் இருந்தாலும் காணி நழுவும். சுனாமிக்குப் பிறகு கிழக்கில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றபோது, மீனவர் குடிசையை எடுக்கச் சொல்லி ஹோட்டலுக்கு இடம் விடுகிறார்கள் என்று அறுகம்பை மக்கள் கொதித்தார்கள். பாணமையில் ராகம்வெல, சாஸ்திரவெலப் பகுதிக் குடும்பங்கள் 2010இல் தங்கள் நிலத்திலிருந்து விரட்டப்பட்டன. காணியைத் திருப்பிக் கொடுக்க அமைச்சரவை 2015இல் முடிவெடுத்தது. நீங்கள் பாய் விரித்துச் சோறு சாப்பிடும் கரைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் வண்டியைக் குறுக்கே விடாதீர்கள். இறங்கிப் போய் கயிற்றில் ஒரு கை கொடுங்கள், பிள்ளைகளுக்கு அதைவிட விளையாட்டில்லை.

உடம்பில் தெம்பிருந்தால் பின்னேரம் பொத்துவில் களப்பு. மீனவர் ஒருவர் தோணியில் கம்பு ஊன்றிக் கூட்டிப்போவார். எஞ்சின் சத்தமில்லை. கண்டல் வேர்களுக்குள் முதலை, கரையில் தண்ணீர் குடிக்க வரும் யானை. இதை முதல் நாள் மாலையிலேயே முடித்துவிட்டால் இன்னும் நல்லது. ஜீப்பில் குலுங்கிய உடம்புக்கு மறுநாள் பின்னேரம் வீடுதான் தேவைப்படும்.

திரும்பும்போது இருட்டும் முன் பொத்துவிலைத் தாண்டிவிடுங்கள். பாணமைப் பாதையிலும் லாகுகலப் பக்கமும் மஃரிபுக்குப் பிறகு றோட்டில் யானை நிற்கும். பேசிய காசை எண்ணிக் கொடுத்து, சாரதிக்கு உங்கள் மனசுக்குப் பட்டதைச் சேர்த்துக் கொடுங்கள். ட்ராக்கருக்கு உகந்தை வாசலில் இறங்கும்போதே தனியாகக் கொடுத்திருக்க வேண்டும், சாரதி கையில் கொடுத்துவிட்டால் போய்ச் சேர நாளாகும்.

காலத்தை மட்டும் யோசியுங்கள். ஜூன், ஜூலைக் காலத்தில் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள் உகந்தையிலிருந்து குமண வழியாக நடப்பார்கள். அந்த நாட்களில் வாசல் பரபரப்பாக இருக்கும். ஓகஸ்ட், செப்டெம்பரில் குளங்கள் வற்றும், மிச்சமிருக்கும் தண்ணீருக்கு மிருகங்கள் வெளியே வரும், ஆனால் வில்லுவில் கூடுகள் கலைந்திருக்கும். தம்பியின் லீவு ஜூன் கடைசியில் முடிகிறது. பறவைக்கு அதுதான் சரியான காலம். ஹஜ்ஜுப் பெருநாள் வாரத்தில் ஜீப் கிடைப்பது கஷ்டம் என்பதால், அதற்கு முந்திய வாரத்து வேலைநாள் ஒன்றைப் பார்த்து, இன்றைக்கே போன் எடுத்துப் பேசச் சொன்னேன்.